சென்னை – டொராண்டோ: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகும்?

கரிசல்மண் கேட்டது:

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. இருவரும் ஜூலை நடுவில் சென்னையிலிருந்து டொராண்டோ வருகிறார்கள். இருவருக்குமே இதுதான் முதல் விமானப் பயணம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு.

டிக்கெட் தேட உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. தூரம் ஒரு தளத்தில் 13,390 கி.மீ., இன்னொன்றில் 14,000க்கு மேல். பயண நேரம் 21 மணியில் தொடங்கி 38 மணி வரை போகிறது. ஒரே நாளில் கிளம்பி அதே நாளில் சேர்வதாகவும் சில டிக்கெட்டுகள் காட்டுகின்றன. அது எப்படி?

1. உண்மையான தூரம் எது?
2. வானத்தில் எத்தனை மணி, தரையில் எத்தனை மணி?
3. டெல்லி, துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட். வயதானவர்களுக்கு இதில் எது தோது?
4. நேரடி விமானம் ஏன் இல்லை?

தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

திசைமானி:

தூரத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை டிக்கெட் போடுகிறவர்கள் சொல்லட்டும்.

13,390 சரி. 14,000ம் சரி. முதலாவது, சென்னை மீனம்பாக்கத்துக்கும் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மேல் நூலைப் பிடித்து இழுத்தால் வரும் நீளம். இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். கடல் மைலில் சுமார் 7,230. இரண்டாவது, நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறுவதற்கான கூட்டுத்தொகை.

அந்த நூல் எந்த வழியாகப் போகிறது தெரியுமா? சுவர் வரைபடத்தைப் பார்த்தால் அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்றுதான் தோன்றும். உருண்டையில் நூலை வைத்துப் பார்த்தால் கதையே வேறு. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து கிளம்புகிறது. ராஜஸ்தானைத் தாண்டி, இஸ்லாமாபாத்தை ஒட்டி, தஜிகிஸ்தானின் குஜந்த் மேலே போய், ரஷ்யாவின் பெர்ம் நகரத்தின் தலைக்கு மேலேயே செல்கிறது. பிறகு நார்வேயின் வடகிழக்கு மூலை. கிரீன்லாந்துக் கடலில் வடக்கு 73.6 பாகை வரை ஏறி, அங்கிருந்து கிரீன்லாந்தின் பனிப்பரப்பு, லாப்ரடாரின் வடமுனை, கியூபெக் வழியாக டொராண்டோவுக்கு இறங்குகிறது. இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 160 பாகை. உலகத்தின் மறுபக்கம் என்றே சொல்லலாம். அதனால்தான் குறுக்குவழி துருவத்துப் பக்கம் போகிறது.

இப்போது இடையில் இறங்கும் ஊர்களை வைத்து, அதே பெருவட்டக் கணக்கில்:

டெல்லி: 1,760 + 11,640 = 13,400
ஃபிராங்க்ஃபர்ட்: 7,595 + 6,345 = 13,940
லண்டன்: 8,235 + 5,710 = 13,945
துபாய்: 2,935 + 11,080 = 14,015
தோஹா: 3,285 + 10,880 = 14,165
ஹாங்காங்: 3,710 + 12,550 = 16,260

டெல்லி அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, 10 கி.மீ.தான் கூடுதல். ஐரோப்பாவும் வளைகுடாவும் 4 முதல் 6 சதவீதம் சுற்று. 800 கி.மீ. கூடுதல் என்றாலும் விமானத்தில் அது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே கி.மீ. பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஹாங்காங்கை மட்டும் விட்டுவிடுங்கள், 2,800 கி.மீ.க்கு மேல் வீண்.

---

எரிபொருள்கணக்கு:

திசைமானி சொன்னதோடு நேரக் கணக்கையும் சேர்க்கிறேன்.

பெரிய விமானங்கள் உயரத்தில் ஒலி வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அங்குள்ள குளிரில் அது மணிக்கு 900 கி.மீ. அளவுக்கு வரும். ஆனால் இது காற்றுக்குள் விமானத்தின் வேகம், தரைக்கு மேலான வேகம் அல்ல. வட அட்லாண்டிக்கில் மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. டொராண்டோ போகும்போது அது முகத்தில் அடிக்கும், ஊர் திரும்பும்போது முதுகில் தள்ளும்.

கணக்குப் போடும் முறை: பெருவட்டத் தூரத்தோடு 3 முதல் 5 சதவீதம் வழிச்சுற்று சேர்க்கவும். போகும்போது 900லிருந்து 80 கழிக்கவும், வரும்போது 80 கூட்டவும். வகுத்து வரும் நேரத்தோடு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் 35 நிமிடம் சேர்க்கவும்.

ஃபிராங்க்ஃபர்ட் – டொராண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 6,345 × 1.03 = 6,535. அதை 820ஆல் வகுத்தால் சுமார் 8 மணி. தரை நேரத்தோடு 8½. திரும்பும்போது 6,535ஐ 980ஆல் வகுத்தால் 6 மணி 40 நிமிடம். 35 நிமிடம் கூட்டினால் 7¼. அட்டவணையில் போடும்போது தாமதத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்கள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் மேல்காற்று வலுக்கும். 80க்குப் பதில் 120 வைத்துப் பாருங்கள், போகும் நேரம் தானாக நீளும்.

இந்தச் சூத்திரம் எங்கே தோற்கும் என்றால், வான்வெளி மூடியிருக்கும் இடத்தில். அங்கே வழிச்சுற்று 5 சதவீதத்தில் நிற்காது.

தோராயமாக வான நேரம்: ஃபிராங்க்ஃபர்ட் வழி 10 + 8½. லண்டன் வழி 10¾ + 8. துபாய் வழி 4 + 14. மொத்தம் எல்லாமே 18 முதல் 19 மணிக்குள். தளத்தில் காட்டும் 21க்கும் 38க்கும் இடைப்பட்ட 17 மணி நேரமும் காத்திருப்புதான். பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதில் எவ்வளவு நாற்காலியில், எவ்வளவு பெஞ்சில் என்று பிரித்துப் பாருங்கள்.

---

டிக்கெட்மேசை:

கரிசல்மண், "அதே நாளில் கிளம்பி அதே நாளில் சேர்வது" மாயம் ஒன்றும் இல்லை. ஜூலையில் டொராண்டோ நமக்கு 9 மணி 30 நிமிடம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை 10 மணி 30 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம்.

ஒரு மாதிரிக் கணக்கு:

போகும்போது: சென்னை புறப்பாடு ஜூலை 15, அதிகாலை 2:00. பத்து மணி நேரம் பறந்து ஃபிராங்க்ஃபர்ட் காலை 8:30. அங்கே நாலரை மணி நேரம் காத்திருப்பு. பிற்பகல் 1:00க்குக் கிளம்பி எட்டரை மணி நேரம். டொராண்டோ அதே 15ஆம் தேதி பிற்பகல் 3:30. நம்மூர்க் கடிகாரத்தில் அது 16ஆம் தேதி இரவு 1:00. ஆக மொத்தம் 23 மணி நேரம்.

திரும்பும்போது: டொராண்டோ மாலை 6:00. ஏழரை மணி நேரத்தில் ஃபிராங்க்ஃபர்ட் மறுநாள் காலை 7:30. மூன்றரை மணி நேரம் காத்திருப்பு. 11:00க்குக் கிளம்பி ஒன்பதே கால் மணி நேரம். சென்னை அன்றிரவு 11:45. மொத்தம் 20 மணி 15 நிமிடம். போகும்போதைவிட வரும்போது குறைவதில் ஒரு மணி நேரம் குறைந்த காத்திருப்பு, மீதி காற்று.

டிக்கெட் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை:

ஒரே டிக்கெட். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு) எண்ணில் இருக்க வேண்டும். சென்னை–துபாய் ஒன்று, துபாய்–டொராண்டோ தனியாக ஒன்று என்று வாங்கினால் 8,000 ரூபாய் மிச்சமாகலாம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் குப்பை, அந்த நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா. திருச்சியிலிருந்து ஷார்ஜா போய் அங்கிருந்து காரில் துபாய் விமான நிலையம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். முதியவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காத்திருப்பு நேரம். ஃபிராங்க்ஃபர்ட்டில் 45 நிமிட இணைப்பைக்கூட விற்பார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். சக்கர நாற்காலி என்றால் ஆள் வந்து தள்ளிப்போக வேண்டும். இரண்டரை மணிக்குக் கீழே எடுக்காதீர்கள், நாலரைக்கு மேலும் வேண்டாம்.

முனையம். ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சா, ஏர் கனடா இரண்டும் முதலாம் முனையம்தான். லண்டன் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸில் வந்து ஏர் கனடாவுக்கு மாறுவதாக இருந்தால் ஐந்தாம் முனையத்திலிருந்து இரண்டாம் முனையத்துக்குப் பேருந்தில் போக வேண்டும். இரண்டு கட்டமும் ஒரே நிறுவனமாக இருப்பது நல்லது.

டிரான்சிட் விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் மாறிக்கொள்ள பிரிட்டனும் ஜெர்மனியும் தனி விசா கேட்பதில்லை. ஆனால் கனடாவில் இருக்கும்போதே அந்த விசா காலாவதியாகிவிட்டால், திரும்பும் டிக்கெட் போடும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழி மட்டும் வேண்டவே வேண்டாம். விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும், பெட்டியையும் அங்கே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

---

கரிசல்மண்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். டெல்லி நூலின் மேலேயே இருக்கிறது என்று திசைமானி சொல்கிறார். அப்படியானால் டெல்லி–டொராண்டோ நேரடி விமானம்தானே சுலபம்? நம் நாட்டு விமான நிலையம், ஒரே ஒரு நீண்ட தாவல். ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

---

எரிபொருள்கணக்கு:

நூல் மேலே இருக்கிறது, நூல் வழியே பறக்கத்தான் முடியவில்லை.

2022 பிப்ரவரி முதல் ரஷ்ய வான்வெளி கனடா, ஐரோப்பிய ஒன்றிய, பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு மூடியிருக்கிறது. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டு, மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு வந்தது. டெல்லி–டொராண்டோ நேரடியாகப் பறந்தவை இரண்டு நிறுவனங்கள்: ஏர் கனடா, ஏர் இந்தியா. ஏர் கனடாவுக்கு ரஷ்யா பூட்டு, ஏர் இந்தியாவுக்குப் பாகிஸ்தான் பூட்டு. இஸ்லாமாபாத்தும் பெர்மும் அந்த நூலிலேயே இருக்கின்றன, பாருங்கள். ஆளுக்கொரு கதவு சாத்தியிருப்பதால் இருவரும் வேறு வேறு இடத்தில் சுற்றிப் போகிறார்கள்.

விளைவு: 14 மணியில் முடிய வேண்டியது 15ஐத் தொட்டுத் தாண்டுகிறது. இந்திய விமானம் டெல்லியிலிருந்து முதலில் தென்மேற்கே இறங்கி, அரபிக்கடல் பக்கம் வந்து, பிறகுதான் ஐரோப்பாவை நோக்கித் திரும்ப முடியும். அதற்குக் கூடுதல் எரிபொருள். எடை வரம்பு கட்டினால் ஒன்று பயணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும், இல்லை நடுவில் இறங்கி நிரப்ப வேண்டும். 2025இல் சில வட அமெரிக்க விமானங்கள் வியன்னா, கோபன்ஹேகன் போன்ற ஊர்களில் அப்படி இறங்கிப் போயின. அப்போது நேரடி என்று வாங்கிய டிக்கெட், விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்தபடி ஒரு நிறுத்தம் உள்ளதாக ஆகிவிடும்.

நிலைமை மாறக்கூடியது. பணம் கட்டும் முன், அந்த விமான எண்ணின் கடந்த ஒரு வாரத்து உண்மையான பறப்பு நேரத்தை விமானம் தொடரும் தளங்களில் பாருங்கள். அட்டவணையைவிட அது நேர்மையானது.

நான்காவது கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சென்னை–டொராண்டோ நேரடி என்பது இயந்திரத்தால் முடியாத காரியம் அல்ல. போயிங் 777-200எல்ஆர் ரகத்தின் எட்டும் தூரம் 15,800 கி.மீ.க்கு மேல். அதை வைத்துத்தான் 2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோவைத் தொடங்கியது, அது 14,000 கி.மீ. சிங்கப்பூர்–நியூயார்க் 15,300ஐத் தாண்டும். ஆனால் போயிங் 787-9 ரகத்துக்குச் சொல்லும் எல்லை 14,000 கி.மீ. 13,390ல் சுற்றுவழியும் எதிர்க்காற்றும் அவசர எரிபொருளும் சேர்த்தால் அது மூச்சு வாங்கும். இவ்வளவு எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். அந்தச் செலவை ஈடுகட்ட நாள்தோறும் நிறைகிற முன்வகுப்பு இருக்கைகள் வேண்டும். சென்னைப் பயணிகளோ ஏற்கெனவே ஐந்தாறு வழிகளில் பிரிந்து போகிறார்கள்.

---

டிக்கெட்மேசை:

டெல்லி வழிக்கு இன்னொரு சிக்கல், திரும்பும்போது. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடிநுழைவு, சுங்கம் எல்லாம். அதாவது நீண்ட நேரம் பறந்து களைத்து வந்து, டெல்லியில் வரிசையில் நின்று, பெட்டிகளைப் பட்டையிலிருந்து இறக்கி, சுங்கம் தாண்டி, சென்னை விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். 23 கிலோ பெட்டி ஆளுக்கு இரண்டு என்றால் மொத்தம் நான்கு. ஐரோப்பா, வளைகுடா வழியில் பெட்டி நேரே சென்னை வந்துவிடும்.

---

பனங்கூடல்:

நான் டிக்கெட்மேசை சொன்னதோட ஒத்துப்போறன், ஆனா துபாய், தோஹாவ ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். கொழும்பிலயிருந்து வாற எங்கட சனம் பெரும்பாலும் அந்த வழிதான். கொழும்பு–டொராண்டோ நேர்கோட்டில 14,000 கி.மீ. வரும், சென்னையவிட 600 கூட. முதல் கட்டம் நாலஞ்சு மணித்தியாலத்தில முடிஞ்சிடும், சாப்பாடு, மொழி, நடமாட்டம் எல்லாம் எங்கட ஆக்களுக்குப் பழகினதா இருக்கும். குறை என்னெண்டா, அதுக்குப் பிறகு 14 மணித்தியாலம் ஒரே இருக்கை. முழங்கால் ஏலாத ஆளுக்கு அதுதான் கஷ்டம். 10ம் 8½ம் எண்டு பிரிச்சா நடுவில எழும்பி நடக்கலாம், காலை நீட்டிப் படுக்கலாம். அப்பாவுக்காக எண்டா ஐரோப்பாதான் சரி.

வளைகுடாவில இன்னொண்டும் இருக்கு. 2025 யூன் 23 இரவு கத்தார் வான்வெளி சில மணித்தியாலம்தான் மூடினது, அதுக்கே ஆயிரக்கணக்கான பயணிகள் தவிச்சுப் போச்சினம். அந்தப் பக்கம் பதற்றம் எண்டா டிக்கெட் எடுக்க முதல் செய்தியப் பாருங்கோ.

சக்கர நாற்காலி விஷயம். டிக்கெட் எடுக்கேக்குள்ளயே கேளுங்கோ, பிந்தினா 48 மணித்தியாலத்துக்கு முன்னமாவது. அதில மூண்டு வகை. டபிள்யூ.சி.எச்.ஆர். எண்டா படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார். டபிள்யூ.சி.எச்.எஸ். எண்டா படியும் ஏறமாட்டார். டபிள்யூ.சி.எச்.சி. எண்டா இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டு போகவேணும். முழங்கால் நோவுக்கு முதலாவது காணும், விமானத்துக்குப் பஸ்ஸில கொண்டுபோய்ப் படியில ஏத்துற இடமெண்டா இரண்டாவது. ரெண்டு கட்டத்துக்கும் பதிஞ்சிருக்கோ எண்டு தனித்தனியாப் பாருங்கோ, ஒண்டில விட்டுப்போறது வழமை. அம்மாவுக்கும் சேர்த்துப் போடுங்கோ. இல்லாட்டி அப்பாவ வண்டியில கொண்டுபோயிடுவினம், அம்மா பின்னால ஓடவேணும்.

மருந்து கைப்பையில, மருத்துவர் எழுதின சீட்டோட. சாப்பாட்டுச் சாமான் என்ன இருந்தாலும் டொராண்டோவில கேக்கேக்குள்ள "இருக்கு" எண்டு சொல்லச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டுக் காட்டினா, கூடிப்போனா எடுத்துக் கொட்டுவினம். சொல்லாமல் பிடிபட்டாத்தான் தண்டம்.

பியர்சனில லுஃப்தான்சா, ஏர் கனடா, எமிரேட்ஸ் முதலாம் முனையம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் மூண்டாம் முனையம். கூப்பிட வாறவை மாறிப்போய் நிண்டா, ரெண்டுக்கும் நடுவில இலவச ரயில் ஓடுது.

---

திசைமானி:

தாமதம் பற்றி ஒரு வரி. ஐரோப்பிய நிறுவனமாக இருந்தாலும், ஒரே டிக்கெட்டில் கிளம்பும் ஊரும் சேரும் ஊரும் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால், சென்னை–டொராண்டோ பயணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது.  வளைகுடா நிறுவனங்களுக்கும் அப்படியே. டொராண்டோவுக்குப் பிந்திச் சேர்ந்தால் கனடாவின் விதிகளைத்தான் பார்க்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் கடைசி ஊர்த் தாமதம் கணக்கில் வரும். போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள்.

---

கரிசல்மண்:

ஃபிராங்க்ஃபர்ட் வழியே போடுகிறேன். ஒரே நிறுவனம், ஒரே பி.என்.ஆர்., நாலு மணி நேரக் காத்திருப்பு. ஜூலை 15, அதிகாலை 1:50 புறப்பாடு. இருவருக்கும் சக்கர நாற்காலி கேட்டுவிட்டேன். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

---

டிக்கெட்மேசை:

ஒன்று. 15ஆம் தேதி அதிகாலை 1:50 என்றால் அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. இரவு 10:00 மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். "15ஆம் தேதி இரவு விமானம்" என்று நினைத்துக்கொண்டு மறுநாள் பெட்டியோடு வந்து நிற்பவர்கள் அடிக்கடி உண்டு. தென் மாவட்டத்திலிருந்து ரயிலில் வருவதாக இருந்தால் 14ஆம் தேதி காலையில் எழும்பூரில் இறங்கும் வண்டிக்குப் போடுங்கள், அதாவது 13ஆம் தேதி இரவு ஊரில் ஏற வேண்டும். நாள்காட்டியில் 14ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள், 15இல் அல்ல.